பணி ஓய்வுக்குப் பின் வாரத்தை அமைப்பது எப்படி? கோலாலம்பூரில் இருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஓய்வுபெற்ற கையோடு பலர் முதலில் பொருள் வாங்குகிறார்கள். ஒருவர் கீபோர்டு வாங்குவார், ஒருவர் சைக்கிள் வாங்குவார், இன்னொருவர் இருபது பூந்தொட்டி வாங்கி அடுக்குவார். மூன்றாம் மாதம் எல்லாம் மூலைக்குப் போய்விடும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு "அவரை இன்னும் காணோமே" என்று தேட ஆள் இல்லாததுதான் காரணம். அதனால் இந்த வழிகாட்டி தலைகீழாகப் போகிறது. முதலில் கிழமையும் இடமும், பிறகு அங்கே நம்மை எதிர்பார்க்கும் ஆட்கள், கடைசியாகத்தான் பொருள்.

அறுபதை நெருங்குகிறவர்களுக்கும், ஓய்வுபெற்று ஓராண்டுக்குள் இருப்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் துணைவருக்கும் இது பயன்படும்.

1. கடைசிச் சம்பளத்துக்கு முந்திய மூன்று மாதங்கள்

சில வேலைகளை ஓய்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். பிறகு பார்க்கலாம் என்று விட்டவை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகின்றன.

காதையும் கண்ணையும் முதலில் பரிசோதியுங்கள். காது மந்தமானவர் கூட்டத்தில் பாதிப் பேச்சு பிடிபடாமல் சிரித்துச் சமாளிப்பார். நான்கே வாரத்தில் போவதை நிறுத்திவிட்டு, வீட்டில் "அந்த இடம் எனக்கு ஒத்துவரல" என்பார். கண்புரை தொடங்கியவர் இருட்டிய பின் கார் ஓட்டப் பயந்து மாலை வகுப்புகளை விட்டுவிடுவார். இரண்டுக்கும் வழி இருக்கிறது, ஆனால் காரணம் என்னவென்று முதலில் தெரிய வேண்டும். இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம் ஆகியவற்றை அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) பார்த்துவிடலாம். எஸ்டிஆர் என்ற அரசு ரொக்க உதவியைப் பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பெக்கா பி40 என்ற அரசு சுகாதாரத் திட்டத்தில் பதிந்த தனியார் கிளினிக்குகளிலும் இலவசப் பரிசோதனை உண்டு.

அடுத்தது பயண அட்டை. 60 வயதான மலேசியர்களுக்கு ரேபிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் பாதிக் கட்டணச் சலுகை அட்டை கிடைக்கும். மைகார்டை (அடையாள அட்டை) எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். வாங்கியதோடு நிற்காமல் மூன்று முறை வெள்ளோட்டம் போய் வாருங்கள். முப்பது வருடம் காரிலேயே போய் வந்தவருக்கு மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் எந்தப் பக்கம் இறங்கி வண்டி மாறுவது என்பதே பெரிய தடை. தடுமாறினாலும் அவசரமில்லாத ஒரு நாளில் தடுமாறுவது நல்லது. நகருக்குள் ஓடும் கோ கேஎல் பேருந்து மலேசியர்களுக்கு இலவசம்.

கம்பெனி போனைத் திருப்பிக் கொடுக்கும் முன், வேலைக்கு வெளியே நீங்கள் பேச விரும்பும் பன்னிரண்டு பேரின் எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். பழைய ரப்பர்த் தோட்டத்து நண்பர், பள்ளித் தோழி, வேறு ஊருக்கு மாறிய பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அதில் வரட்டும். பன்னிரண்டு பேர் தேறவில்லை என்றால், கீழே சொல்லும் நான்காம் படி உங்களுக்கு மற்றவர்களைவிட அவசரம்.

பணத்தைப் பற்றி ஒன்று மட்டும். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பை அறுபதில் முழுவதுமாக எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 100 வயது வரை அங்கேயே விட்டுவைக்கலாம், ஆண்டுதோறும் லாப ஈவு சேரும். வெளியே போய்வரும் செலவுக்கு மாதம் 150 வெள்ளியைத் தனி உறையில் வையுங்கள். போக்குவரத்து, தேநீர், வகுப்புக் கட்டணம் மூன்றும் அதற்குள் அடங்கப் பாருங்கள். உறை தனியாக இருந்தால் ஒவ்வொரு முறையும் "இது தேவையா" என்று மனத்தோடு வழக்காட வேண்டியதில்லை.

2. முதல் மூன்று வாரம்: எதிலும் சேராதீர்கள்

கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். நாளை நான்காகப் பிரியுங்கள்: விடிந்ததிலிருந்து 10 மணி வரை, 10 முதல் 2 வரை, 2 முதல் 6 வரை, 6 முதல் உறங்கும் வரை. ஒவ்வொன்றுக்கும் ஒரே வரி. என்ன செய்தீர்கள், யாரோடு, முடிந்தபோது மனம் எப்படி இருந்தது? நன்றாக இருந்தால் கூட்டல் குறி, இல்லாவிட்டால் கழித்தல் குறி.

அன்றன்றைக்கு எழுத வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால், செய்ய நினைத்ததையெல்லாம் செய்ததாக எழுதிவிடுவோம்.

பெரும்பாலான நோட்டுகளில் ஒரே ஓட்டை தெரியும்: பிற்பகல் 2 முதல் 6 வரை. சாப்பாடு, தொலைக்காட்சி, நாற்காலியிலேயே இரண்டு மணி நேரத் தூக்கம். அதன் விளைவு இரவில் வரும். ஒரு மணிக்கு விழிப்பு வந்து, விடியும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தூக்கமே வரவில்லை என்று மாத்திரை கேட்டுப் போகிற பலருக்கு உண்மையில் வேண்டியது பிற்பகலுக்கு ஒரு வேலை.

இந்த மூன்று வாரத்தில் பதவிகள் தேடி வரும். கணக்கு வேலை பார்த்தவர் என்று தெரிந்தாலே கோயில், குடியிருப்போர் சங்கம், முன்னாள் மாணவர் சங்கம் மூன்றிலும் பொருளாளர் பதவி காத்திருக்கும். "மூணு மாசம் கழிச்சுச் சொல்றேங்க" என்பதே எல்லாருக்கும் பதில். பதவியில் உட்கார்ந்தபின் விலகினால் மனக்கசப்பு வரும். தள்ளிப்போட்டால் வராது.

3. வீட்டில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்கள்

நீங்கள் வேலைக்குப் போன இத்தனை வருடமும் வீட்டில் இருந்தவருக்குச் சொந்தமாக ஒரு வாரம் உண்டு. சந்தைக்குப் போகிற நாள், அக்காவிடம் போனில் பேசும் நேரம், மதியம் சமைக்காமல் பழையதைச் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் நாள். நீங்கள் முழுநேரமும் வீட்டில் இருக்கத் தொடங்கினால் அதெல்லாம் கலையும். ஆகவே நான்கு கேள்விகளை நேராகக் கேட்டு முடிவெடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு எந்தெந்த நாள் யார் பொறுப்பு? கார் எந்த நாளில் யாருக்கு? இருவரும் சேர்ந்து போவது எங்கே? தனித்தனியே போவது எங்கே?

அடுத்து பேரப்பிள்ளைகள். மகனோ மகளோ "அப்பா சும்மாதானே இருக்காரு" என்று பள்ளிக்கு ஏற்றி இறக்குவது, டியூஷன், காய்ச்சல் நாள் எல்லாவற்றையும் மெல்ல மெல்ல ஒப்படைப்பார்கள். பேரப்பிள்ளைகளோடு இருப்பது பெரும் பேறு. ஆனால் கிழமை பேசாமல் தொடங்கினால் ஐந்து நாளும் போய்விடும், பிறகு பின்வாங்கினால் பிள்ளைகள் மனம் நோகும். முதலிலேயே இதமாகச் சொல்லிவிடுங்கள்: "ஐயா, செவ்வாயும் வியாழனும் காலையில அப்பாவுக்கு வேலை இருக்கு. மத்த நாள்ல பிள்ளைங்கள நாங்க பாத்துக்கிறோம்." அந்த இரண்டு காலைப் பொழுதும் எதற்கு என்பது அடுத்த படியில்.

தனியாக வாழ்பவர்கள் இதே பேச்சை உடன்பிறந்தவரோடோ, வீட்டுச் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரோடோ பேசலாம்.

4. இரண்டு தூண்கள்

வாரத்தைத் தாங்க வீட்டுக்கு வெளியே இரண்டு நிலையான இடங்கள் வேண்டும். ஒன்று போதாது, அங்கே விடுமுறை வந்தால் வாரமே சரிந்துவிடும். தொடக்கத்தில் மூன்று அதிகம். ஒவ்வோர் இடத்தையும் மூன்று கேள்விகளால் சோதியுங்கள். வாராவாரம் அதே கிழமையா? நாம் போகாவிட்டால் யாராவது போன் செய்வார்களா? கார் இல்லாமல் 45 நிமிடத்தில் போய்ச் சேரலாமா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் அது தூண்.

நேரம் காலை 10 முதல் பிற்பகல் 2 வரைக்குள் அமையட்டும். காலை 7 முதல் 9 வரை ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. பிற்பகல் மூன்றுக்கு மேல் இடியும் மழையுமாக ஊற்றும் நாள்கள் இங்கே அதிகம். நனைந்து வீடு திரும்பும் இரண்டாம் முறையோடு பலர் விட்டுவிடுகிறார்கள்.

எங்கே தேடுவது? சமூக நலத் துறையின் கீழ் பாவே என்ற மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் உள்ளன. உடற்பயிற்சி, கைவேலை எல்லாம் உண்டு, பேச்சு பெரும்பாலும் மலாயில் இருக்கும். உங்கள் வட்டார நலத்துறை அலுவலகத்தில் கேட்டால் அருகிலுள்ள மையத்தைச் சொல்வார்கள். படிக்க ஆசை என்றால் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தோடு இணைந்த மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டமோ தேர்வோ தேவையில்லை. இசைக்கும் நடனத்துக்கும் பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ். நோயாளிகளுக்குத் துணை நிற்கும் மனம் இருந்தால் செராஸில் ஹோஸ்பிஸ் மலேசியா தொண்டர்களைப் பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்கள் இதற்கு ஓராண்டாவது பொறுப்பது நல்லது. துக்கம் ஆறாத மனத்துக்கு அது பெரிய சுமை.

ஒரு தூணைத் தமிழ்ப்பள்ளியில் ஊன்றுங்கள் என்பதே எங்கள் முதல் பரிந்துரை. முதலாம், இரண்டாம் ஆண்டில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். ஆசிரியருக்கோ ஒவ்வொருவரோடும் தனியே உட்கார நேரமில்லை. அதைச் செய்ய வேண்டிய முறை இது.

தவணை தொடங்குமுன் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். பெயர், பார்த்த வேலை, வரக்கூடிய கிழமை, மைகார்டு நகல். முன்னறிவிப்பில்லாமல் நேரில் போய் நின்றால் பாதுகாவலரோடு பேசிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் யாரையாவது தெரிந்தால் அவர் மூலம் கொடுங்கள். "பாடம் நடத்த வருகிறேன்" என்று எழுதாதீர்கள். "நான்கு பிள்ளைகளுக்கு வாசிப்புத் துணையாக, வாரம் ஒரு மணி நேரம்" என்று எழுதுங்கள். கேட்பது சிறிதாக இருந்தால் சம்மதம் சீக்கிரம் கிடைக்கும்.

ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம். அதில் 10 நிமிடம் பிள்ளை வாசிக்க வேண்டும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். தாங்களே பேசிப் புத்தி சொல்லி நேரத்தைத் தீர்த்துவிடுவார்கள், பிள்ளை வாயே திறந்திருக்காது. தவறாக வாசித்தால் உடனே திருத்தாமல் ஐந்து எண்ணுங்கள். பாதி முறை பிள்ளையே திருத்திக்கொள்ளும். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் திணறினால் புத்தகம் கடினம், இன்னும் எளியதை எடுங்கள். நூலகத்திலோ கூடத்திலோ எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் உட்காருங்கள். படம் எடுக்க வேண்டாம், கேட்காமல் மிட்டாய் கொடுக்க வேண்டாம். தவணை முடியும்வரை அதே நான்கு பிள்ளைகளாக இருந்தால், நீங்கள் வராத வாரம் அவர்கள் கேட்பார்கள்.

கோயில் தொண்டையும் தூணாக்கலாம், ஆனால் திருவிழாவை நம்பாதீர்கள். தைப்பூசத்தில் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து பத்துமலைக்கு வெள்ளிரதம் புறப்படும் இரவு முதல் தண்ணீர்ப் பந்தலில் மூன்று நாள் கை ஓயாது. நான்காம் நாள் வேலை இல்லை. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்கவோ பூக்கட்டவோ ஆள் வேண்டுமா என்று கோயிலில் கேளுங்கள். அதுதான் வாராவாரம் வரும்.

5. உடல்: ஐந்து வாரக் கணக்கு

உலகச் சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான அசைவைச் சொல்கிறது. வாரம் நான்கு நாள், நாளுக்கு 20 நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டுங்கள். ஐந்தாம் வாரம் 40 நிமிடம் வந்துவிடும், மொத்தம் 160. முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தவர்கள் முட்டி வீங்கி மூன்று வாரம் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சூரியன் இங்கே பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் எழும். 7 முதல் 8 வரை நல்ல நேரம். தித்திவங்சா ஏரியைச் சுற்றித் தரை பெரும்பாலும் சமம். பத்துமலையின் 272 படிகளைத் தொடக்கத்திலேயே பயிற்சிக்கு எடுக்காதீர்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். மழைக்கு மறுநாள் பாசி படிந்த நடைபாதையில் செருப்பு வழுக்கும், சப்பாத்து போடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே நடங்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பக் கூடாது.

இதோடு வாரம் இரண்டு முறை, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். பேருந்துப் படி ஏறுவதும் தரையில் அமர்ந்து எழுவதும் இந்தத் தசையை நம்பித்தான்.

6. பிற்பகலுக்கு ஒரு நீண்ட வேலை: குடும்பப் பதிவு

இரண்டாம் படியில் கண்ட பிற்பகல் ஓட்டையை அடைக்க, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரக்கூடிய வேலை வேண்டும். தோட்டம் போடலாம், தையல் கற்கலாம். தொட்டி வைத்தால் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் தவறாமல் கொட்டுங்கள், டிங்கிக் கொசு அதில்தான் முட்டையிடும். ஆனால் ஒரு வேலை மட்டும் காத்திருக்காது. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த, இன்று எண்பதைத் தாண்டிய உறவினர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது. இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

வயதில் மூத்தவரிடம் தொடங்குங்கள். பக்கத்தில் இருக்கிறார் என்று இளையவரிடம் தொடங்கினால், மூத்தவரிடம் போவதற்குள் காலம் கடந்துவிடும்.

தேவையானவை: போன், நோட்டு, பழைய படங்கள் ஐந்தாறு. விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிடும். காதுக்கு விசிறிச் சத்தம் பெரிதாகத் தெரியாது, பதிவில் அதுதான் முன்னால் நிற்கும். முதல் வரியாகத் தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். 40 நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் பெரியவர் களைத்து, "ஆமாம், அப்படித்தான்" என்று சுருக்கிவிடுவார்.

"அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டம்தான்" என்ற ஒரு சொல்தான் வரும். பொருளைக் கேளுங்கள். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) எத்தனையாவது வீடு? பெரட்டுக்கு (விடிகாலையில் வேலையாட்களைக் கூட்டிப் பெயர் அழைப்பது) எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? கங்காணி பெயர் என்ன? ரப்பர் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு எவ்வளவு தூரம்? தாத்தா வந்தது ரஜூலா கப்பலிலா, அதற்கு முந்தியதிலா? நாகப்பட்டினத்தில் ஏறினாரா, சென்னையிலா? ஒரு வாளியைப் பற்றிக் கேட்டால் ஒரு முழுக் காலைப்பொழுதே வெளியே வரும். படத்தைக் கையில் கொடுத்தால், மறந்துபோனதாக நினைத்த பெயர்களும் வரும்.

பத்து நிமிடப் பேச்சை எழுத்தாக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஓர் அமர்வுக்கு நான்கு பிற்பகல் போகும். அதுதான் நமக்கு வேண்டியதும். பேச்சு வழக்கைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். கடன், சண்டை, கலப்புத் திருமணம் போன்றவை வந்தால், மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று சொன்னவரிடமே கேட்டுக் குறித்து வையுங்கள்.

பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கடவுச்சீட்டு எதையும் லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்க முடியாது. ஒட்டும் ஆல்பத்தில் சிக்கிய படத்தைப் பிய்க்காமல், முதலில் இருந்தபடியே படம் எடுத்துவிடுங்கள். பிறகு பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு ஒட்டிய பசையை மெல்ல அறுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். எல்லாக் கோப்புக்கும் ஆண்டு, மாதம், நாள், பெயர் என்று ஒரே முறையில் பெயரிட்டு, ஒரு நகலை வேறு வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.

7. ஆறு முறை போன பிறகே முடிவு

எந்த இடத்துக்கும் ஆறு முறை போங்கள். முதல் இரண்டு முறை எல்லாரும் ஏற்கெனவே நண்பர்களாகவும் நாம் மட்டும் அந்நியராகவும் தெரியும். மூன்றாம் நான்காம் முறையில்தான் பெயர்கள் பதியும். இரண்டோடு விட்டவர்களுக்கு அந்த இடத்தின் கூச்சம் மட்டுமே தெரிந்திருக்கும்.

உடனே விலக வேண்டிய இடமும் உண்டு. சேர்ந்த சில நாளிலேயே தங்கம், முதலீடு, நேரடி விற்பனை என்று இபிஎஃப் பணத்தைப் பற்றிப் பேச்சு திரும்பினால் அன்றே நின்றுவிடுங்கள். பணம் கைமாறி ஏமாந்துவிட்டது தெரிந்தால் வெட்கப்பட்டு ஒரு நாளையும் கடத்தாமல் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான்.

8. மூன்றாம் மாதக் கணக்கெடுப்பு

நோட்டை மறுபடி எடுத்து ஒரு வாரம் மட்டும் எழுதுங்கள். முதல் வாரத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிற்பகலில் கழித்தல் குறிகள் குறைந்திருக்கின்றனவா? வாரத்தில் எத்தனை பேரோடு நேரில் பேசியிருக்கிறீர்கள்? ஒரு தூண் ஆடினால் அதை மட்டும் மாற்றுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் அசைக்காதீர்கள். கீபோர்டு வாங்குவதும், பொருளாளர் பதவிக்குப் பதில் சொல்வதும் இப்போதுதான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு தூணுக்கும் மூன்று வரி எழுதி வையுங்கள். கார் ஓட்ட முடியாமல் போனால் எந்த ரயில், எந்தப் பேருந்து? வர முடியாத நாளில் யாருக்குச் சொல்ல வேண்டும்? நிற்க முடியாமல் போனால் அதே இடத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எது? அன்னதானத்துக்குக் காய் நறுக்க நின்றவர், முட்டி வலி வந்ததும் அதே வெள்ளிக்கிழமை, அதே ஆட்களோடு, ஒரு நாற்காலியில் அமர்ந்து பூக்கட்டலாம். அந்த மூன்றாம் வரியை இப்போதே கோயிலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.